டப்பாவுக்குக் கும்பாபிஷேகம்

எங்கள் வீட்டில் பாட்டுப் பாடும் சாதனங்கள் நான்கு. சமையலறையில் உப்பு ஜாடிமேல் சாய்ந்து நிற்கும் மனைவியின் ஃபோன் ஒன்று. மகளின் காதுகளில் கொண்டைக்கடலை மாதிரி செருகியிருக்கும் ஜோடி ஒன்று. ஹாலில் டி.வி. என் மேஜைமேல் ஒரு டப்பா. நான்கில் விலை அதிகம் என் டப்பாதான். பாடுவது குறைவு, அதுவும் என் டப்பாதான். வாங்கி இரண்டு வருஷமாகிறது. அதில் நான் முழுசாகக் கேட்ட பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குச் செய்த சிசுருஷைகளை எண்ணத்தான் விரல் போதாது.

வாங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரு மார்கழி மாலை, ஃபோனில் செம்மங்குடியின் கரகரப்பிரியா ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்தேன். மேல் ஷட்ஜத்தில் போய் நிற்க அவருக்கு ஒரு மூச்சு பாக்கி. அந்த நேரம் பார்த்து, "வணக்கம் சார், உங்க பேருக்கு அஞ்சு லட்சம் பெர்சனல் லோன் ரெடியா இருக்கு" என்றது ஒரு பெண் குரல். வேண்டாம்மா என்று வைத்துவிட்டுத் திரும்பினால், குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா அனுப்பிய குட்மார்னிங் ரோஜா, மாலை ஆறு மணிக்கு. செம்மங்குடி எங்கே விட்டார் என்பது எனக்கு மறந்துபோனது. அன்று முடிவு செய்தேன்: சிம் இல்லாத, சித்தப்பா இல்லாத, பாட்டு மட்டும் பாடுகிற ஒரு கருவி வேண்டும்.

உலகம் ஒரு சாமானைக் கைகழுவிய பிறகுதான் அது என் கைக்கு வரும். சோனி வாக்மன் வந்தது 1979-ல். எனக்குக் கிடைத்தது கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டபோது. ஆப்பிள் கம்பெனி 2001-ல் ஐபாடு கொண்டுவந்து, 'ஆயிரம் பாட்டு உங்கள் சட்டைப்பையில்' என்ற மாதிரி விளம்பரம் செய்தது. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். 2022-ல் ஐபாடையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் நான் கடைக்குக் கிளம்பினேன்.

இப்போது இந்தக் கருவிகளைச் செய்வது பெரும்பாலும் சீனக் கம்பெனிகள். நான் வாங்கியது தீப்பெட்டியைவிடப் பெரியது, சோப்பு டப்பாவைவிடச் சின்னது. விலை 17,500 ரூபாய். வீட்டில் சொன்னது 7,500. குடும்பஸ்தர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். புரியாதவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள்.

டிஜிட்டல் ஆடியோ பிளேயர் என்ற நீளப் பெயரைச் சுருக்கி விவரமானவர்கள் 'டேப்' என்கிறார்கள். நானும் விவரமானவன் என்று காட்டிக்கொள்ள, "டேப் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்று வாசலிலேயே அறிவித்தேன். மனைவியின் முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறி, ஒரு செருப்பு அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே நாற்பத்து மூன்று கேசட்டுகள். நான் கல்லூரியில் படித்தபோது, ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கியவை. மசிப் பேனாவில் எழுதிய என் கையெழுத்து இன்னும் மங்கவில்லை. ஒரு கேசட்டைத் துடைத்து, டப்பாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, இதை எங்க போடறது?"

"இது அந்த டேப் இல்ல. இதுல கேசட் போட முடியாது."

"கேசட் போட முடியாத டேப்புக்கா ஏழாயிரத்து ஐநூறு?"

நல்லவேளை, உண்மை விலையைச் சொல்லவில்லை என்று அப்போது மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி அடுத்த வாக்கியம் வரைதான் இருந்தது. "சரி, பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. பொள்ளாச்சில என் தம்பி புதுமனை புகுவிழா வருதில்ல? அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க. வெள்ளிக் குத்துவிளக்குன்னா பதினஞ்சாயிரம் ஆகும். இது ஏழரைதானே."

ஏழரை என்ற சொல்லுக்குச் சனி பகவானோடு உள்ள உறவு அன்றுதான் எனக்கு விளங்கியது.

யானையை வாங்கியாயிற்று, இனி தீனி போட வேண்டும். மெமரி கார்டு தனியாக வாங்கி, வீட்டிலிருந்த சி.டி.க்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். சாதாரண எம்.பி.3 என்றால் ஐந்து நிமிஷப் பாட்டு 5 எம்.பி.க்குள் அடங்கும். காது எதைக் கவனிக்காது என்று கணக்குப் பார்த்து அதைக் கழித்துவிடுகிற ஜெர்மன் தந்திரம் அது. எனக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. என் காது எதைக் கவனிக்காது என்று முடிவு செய்ய ஜெர்மனிக்காரர் யார்? சி.டி.யில் நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறார்கள். அதையும் தாண்டி நொடிக்கு 1,92,000 தடவை அளக்கும் தரம் ஒன்று உண்டு. என் டப்பா அதையும் பாடும் என்று அட்டைப்பெட்டியில் தங்க முலாம் முத்திரை குத்தியிருந்தது. அந்தத் தரத்தில் சுருக்காமல் வைத்தால் ஐந்து நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 345 எம்.பி. முதல் ஐபாடின் கொள்ளளவு 5 ஜி.பி. அதில் ஆயிரம் பாட்டு என்றார்கள். என் தரத்துக்கு அதில் 14 பாட்டுத்தான் அடங்கும். அறுபது நிமிஷக் கேசட்டில் 12 பாட்டு பிடிக்கும். கல்லூரி நாளிலிருந்து இன்று வரை என் வாழ்க்கையில் நேர்ந்த முன்னேற்றம், ஆக மொத்தம் இரண்டு பாட்டு.

இதோடு விட்டேனா? 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' படப் பாட்டு ஒன்று, எவரோ எப்போதோ கீறல் விழுந்த இசைத்தட்டிலிருந்து எடுத்தது, என்னிடம் இருந்தது. அதை ஒரு மென்பொருளில் கொடுத்து 1,92,000-க்கு உயர்த்தினேன். பழைய சோற்றை வெள்ளித் தட்டில் வைத்தது போல் ஆயிற்று. பாகவதர் அப்படியே இருந்தார். கீறல் மட்டும் இடத்தை நிறைய அடைத்துக்கொண்டது.

மகள்தான் என் உற்சாகத்தில் மண்ணைப் போட்டாள். "அப்பா, மனுஷக் காதுக்கு எட்டறதே 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதுவும் வயசாக ஆக மேல இருந்து குறைஞ்சுகிட்டே வரும். டெஸ்ட் பண்ணலாமா?" ஃபோனில் 'கீ' என்று ஓர் ஒலியை வைத்து ஏற்றிக்கொண்டே போனாள். எட்டாயிரம் கேட்டது. பத்தாயிரத்தில் கொசு பறக்கிற மாதிரி ஏதோ. பன்னிரண்டாயிரத்தில் பூரண மௌனம். நான் "பரவாயில்லையே, சத்தமே இல்லாம எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றேன். பதினாறாயிரத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "1,92,000-ல் பதிஞ்சா 96,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் அதுல இருக்கலாம்பா. நாய்க்குக்கூட முழுசா எட்டாது. வௌவாலுக்கு வேணும்னா உபயோகப்படும்." எங்கள் தெருப் புளியமரத்தில் வௌவால்கள் உண்டு. ஆனால் அவற்றில் எதுவும் இதுவரை ஹெட்ஃபோன் கேட்கவில்லை.

அடுத்து வந்தது பெயர்ப் பட்டியல். பாட்டுக் கோப்பு ஒவ்வொன்றிலும் பாட்டின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், வகை எல்லாம் உள்ளே எழுதி வைக்க ஒரு சீட்டு உண்டு. 'டேக்' என்று பெயர். கருவி அதைப் பார்த்துத்தான் பாட்டுகளைப் பிரித்து அடுக்கும். என் டப்பாவில் இசையமைப்பாளர் பகுதியைத் திறந்தேன். இளையராஜா ஏழு பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு 'எல்' போட்டவர், இரண்டு 'எல்' போட்டவர். நடுவில் 'ஐ' வைத்தவர், வைக்காதவர். 'ரா'வுக்கு ஓர் 'ஏ' போட்டவர், இரண்டு போட்டவர். கணக்குப்படி எட்டு விதமாக எழுதலாம். எட்டாமவர் ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது. இவர்கள் போக 'மேஸ்ட்ரோ' என்று 'எம்'மில் ஒருவரும் 'இசைஞானி' என்று தனியாக ஒருவரும் குடியிருந்தார்கள்.

பாடகர் பகுதி அதைவிடக் கோளாறு. எஸ்.பி.பி. ஒருவர். எஸ்.ஜானகி ஒருவர். இருவரும் சேர்ந்து பாடினால், கருவியின் கணக்கில் அது மூன்றாவது ஆள். ஜானகி பெயர் முதலில் வந்தால் நான்காவது ஆள். நான் அரசாங்கக் கருவூலத்தில் முப்பத்திரண்டு வருஷம் லெட்ஜரைச் சரிபார்த்தவன். ஓய்வு பெற்றபின் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து, ஏழு இளையராஜாக்களை ஓர் இளையராஜாவாக ஆக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்கவில்லை. சம்பளமில்லாத சென்ஸஸ் குமாஸ்தா பாட்டுக் கேட்க முடியுமா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மனைவி வந்தாள். "கந்த சஷ்டி கவசம் இருக்குதா உங்க டப்பாவுல?"

"பேஷா இருக்கு." தேடினேன். பக்தியில் இல்லை. கர்நாடக இசையில் இல்லை. கடைசியில் அகப்பட்டது.

"எங்க இருந்துச்சு?"

"புளூஸ்ல."

"அப்படின்னா?"

"அமெரிக்காவுல, மிசிசிப்பிப் பக்கம், கறுப்பின ஜனங்க மனசு நொந்து பாடின பாட்டு."

"சூலமங்கலம் சகோதரிகள் எப்ப அங்க போனாங்க?"

போகவில்லை. டேக்கின் பழைய முறையில் இசை வகைகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு நேரே இருப்பது புளூஸ். வகை தெரியாத பாட்டுக்கு யாராவது பூஜ்யம் போட்டுவிட்டால், அது நேரே மிசிசிப்பிக்குப் போய்விடும். சீர்காழி, பித்துக்குளி முருகதாஸ், மதுரை சோமு எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். பழநியில் இருக்கவேண்டிய கூட்டம்.

அந்தப் பழைய சீட்டு மொத்தம் 128 பைட்டு. பாட்டின் பெயருக்கு 30, பாடியவர் பெயருக்கு 30. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். நாம் இன்று தமிழ் அடிக்கிற யூ.டி.எஃப்-8 முறையில் அகர எழுத்துக்கு 3 பைட்டு. புள்ளி, கொம்பு, சுழி ஏதாவது சேர்ந்தால் அதற்கு இன்னொரு 3. நான் தமிழ்ப் பற்றோடு 'சூலமங்கலம்' என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொட்டு மிச்சமில்லாமல் சரியாக 30. சகோதரிகள் இருவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். பின்னால் வந்த இரண்டாம் பதிப்பு டேக்கில் இந்த நெருக்கடி இல்லை என்பதால், ஒவ்வொன்றாகத் திறந்து புதுச் சீட்டு எழுதினேன். எழுதி முடித்து டப்பாவில் பார்த்தால், தமிழ்ப் பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம் சதுரம் சதுரமாக, குளியலறை டைல்ஸ் ஒட்டினாற்போல் இருந்தது. கருவிக்குள் தமிழ் எழுத்துருவே இல்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது: புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, அதில் மேலும் பல மொழி எழுத்துருக்கள் உண்டு.

ஃபர்ம்வேர் என்பது கருவியின் மூளை. பழையதை அழித்துவிட்டுப் புதியதை உள்ளே இறக்க வேண்டும். பாதியில் நின்றால் கருவி செங்கல்லாகிவிடும். விவரமானவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். விதிமுறை நாலே வரி. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். கோப்பை இறக்கி, பொதியைப் பிரித்து, பெயரை மாற்றாமல் மெமரி கார்டின் வேரில் வைக்க வேண்டும். எந்த உறைக்குள்ளும் வைக்கக் கூடாது. பெயரிலேயே வேர் இருக்கிறது, வைப்பதும் வேரில், ஆகவே சுலபமாக முளைத்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் தடை கேபிள். எங்கள் வீட்டு மேஜை டிராயரில் பதினொரு யூ.எஸ்.பி. கேபிள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் செருகினேன். டப்பா சந்தோஷமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மலிவான சார்ஜ் கேபிள்களில் மின்சாரம் போகிற இரண்டு கம்பிதான் இருக்குமாம். தகவல் போகிற மற்ற இரண்டு கம்பியை மிச்சம் பிடித்துவிடுவார்களாம். டப்பாவோடு வந்த நல்ல கேபிள் எங்கே? இரண்டு நாள் தேடிய பிறகு மொட்டைமாடியில் கிடைத்தது. அவரைக்கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள் மனைவி. "கறுப்பா, நீளமா, உறுதியா இருந்துச்சு. சும்மாதானே கிடந்துச்சு" என்றாள். கொடிக்கு ஒரு வேட்டிக் கிழிசலைக் கட்டிவிட்டுக் கேபிளை மீட்டேன்.

இரண்டாம் தடை என் ஆர்வம். கோப்பு இறங்கியதா என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை இறக்கிவிட்டேன். இரண்டாவது கோப்பின் வாலில் கம்ப்யூட்டர் தானாக அடைப்புக்குறிக்குள் '1' என்று சேர்த்துவிட்டது. அதைத்தான் கொண்டுபோய் வேரில் வைத்தேன். டப்பா, 'கோப்பைக் காணோம்' என்றது. நான், 'கண்ணெதிரே இருக்கிறதே' என்றேன். முக்கால் மணி நேரம் இந்த வழக்கு நடந்தது. கருவூலத்தில் நானும் இப்படித்தான், இன்ஷியல் ஒன்று கூடுதலாக இருந்தது என்பதற்காக எத்தனையோ பில்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பாவம் எல்லாம் இரண்டரை அங்குலத் திரையில் வந்து நின்றது.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழித்து, வால்யூம் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தேன். ஒரு கோடு தோன்றி எறும்பு வேகத்தில் நகர்ந்தது. கீழே 'அணைக்காதீர்கள்' என்று எச்சரிக்கை. நான் வீடு முழுக்க ஓடினேன். "யாரும் மிக்ஸி போடாதீங்க! மோட்டார் போடாதீங்க! கரண்ட் போயிடப் போகுது!"

"அது பேட்டரியிலதானே ஓடுது?" என்றாள் மகள்.

ஓடுவது பேட்டரியில்தான். ஆனால் மனசு இ.பி. கரண்டில் ஓடிக்கொண்டிருந்ததே! சட்னி அரைபடவில்லை. கோயில் விமானத்துமேல் குடத்தோடு நிற்கும் பட்டாச்சாரியார் கருடன் வருகிறதா என்று பார்ப்பதுபோல் நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. டப்பாவுக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஏழு நிமிஷத்தில் டப்பா கண் திறந்தது. அத்தனையும் சீன மொழியில்.

தயாரித்தவர்களின் தாய்மொழிக்கு அது திரும்பிவிட்டது. நான் ஏதோ ஓர் எழுத்தை அமுக்கினேன், திரை இருண்டது. வேறொன்றை அமுக்கினேன், தலைகீழானது. மகள் தன் ஃபோனை நீட்டி, கேமராவில் டப்பாவின் திரையைக் காட்டினாள். சீன எழுத்துமேல் ஆங்கிலம் மிதந்தது. நாலாவது வரியில் 'மொழி' என்று இருந்தது. எந்த ஃபோனின் தொல்லை வேண்டாம் என்று டப்பா வாங்கினேனோ, அந்த ஃபோன்தான் டப்பாவைப் பிழைக்க வைத்தது. நடுவில் அதற்கு ஒரு லோன் அழைப்பும் வந்தது.

எழுத்துரு? வந்தது. தமிழும் வந்தது. ஆனால் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வித்தை அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குள் தமிழைச் சேமிக்கும்போது மெய் முதலில், கொம்பு அதற்கடுத்து என்ற வரிசை. திரையில் காட்டுகிற மென்பொருள்தான் கொம்பை முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டும். என் டப்பா அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பாடகர் ஜெயச்சந்திரனுக்கு 'ஜ'வின் பின்னால் கொம்பு முளைத்திருந்தது. மாட்டுக்கு வால் இருக்கவேண்டிய இடத்தில் கொம்பு இருந்தால் எப்படியோ, அப்படி இருந்தார்.

அதோடு புது வழக்கம் ஒன்றும் ஒட்டிக்கொண்டது. முன்பெல்லாம் அணைத்துத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து பாடும். இப்போது எப்போது திறந்தாலும் அகரவரிசையில் முதலாவதாக நின்ற ஒரு சோகப் பாட்டையே பாடியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, மனசுல ஏதாவது கவலையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க." அடுத்த ஃபர்ம்வேரின் அறிவிப்பில் முதல் வரி: 'கடைசியாகக் கேட்ட பாட்டை நினைவில் வைக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது.' இரண்டாம் வரி: 'தெரிந்த சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.' அவர்களுக்குத் தெரிந்த அந்தப் பிழைகள் எவை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாசம் பொள்ளாச்சி போயிருந்தோம். மைத்துனருக்குத் தேங்காய் மண்டி. மூட்டைகளுக்கு நடுவே, கல்லாப்பெட்டிமேல் நான் வாங்கிக் கொடுத்த டப்பா. கறுப்பு ஒயர் ஹெட்ஃபோன் காதில். மனுஷர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஃபர்ம்வேர் 1.0. கடையிலிருந்து வந்தது வந்தபடி. பாட்டெல்லாம் 'நியூ ஃபோல்டர்' என்ற ஒரே உறையில், எம்.பி.3-யாக, மண்டிப் பையன் ஏற்றிக் கொடுத்தது. பெயரெல்லாம் சதுரம் சதுரமாக இருந்தது.

"மாப்ள, மூணு அப்டேட் வந்திருக்கு. நான் போட்டுத் தரட்டுமா? பேரெல்லாம் தமிழ்ல வரும்."

"வேணாம் மாமா. பேரைப் பாத்தா கேக்கறோம்? பாட்டு வந்தா யாருன்னு தெரியாதா?"

அப்போது அவருடைய பையன் ஃபோனை நோண்டிக்கொண்டே, "அத்தை, இந்த பிளேயர் 17,500 ரூவா" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் உடுமலை தாண்டும் வரை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு ஏழரையில வாங்கிக்கிட்டு, என் தம்பிக்கு மட்டும் பதினேழரையில வாங்கிக் குடுத்திருக்கீங்க. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் அவனுது கமுக்கமா பாடுது. உங்களுது விலை கம்மி, அடிக்கடி ரிப்பேர் ஆகுது."

நான் மறுக்கவில்லை. ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே, இந்த மாதிரி டப்பா வைத்திருக்கும் அன்பர்களுக்கு அனுபவஸ்தன் சொல்வது ஒன்றே. திரையில் 'புதுப்பிக்கவா?' என்று கேட்கும். பக்கத்திலேயே 'பிறகு' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். டப்பா பாடிக்கொண்டிருக்கிறதென்றால் அந்த இரண்டாவது பொத்தானை அமுக்குங்கள். நான் இன்று காலை அதைத்தான் அமுக்கினேன். கேபிளும் கையில் இல்லை. இந்தத் தடவை அதில் புடலங்கொடி ஏறியிருக்கிறது.